படிக்கப் போகும் பிள்ளையும் சங்கமும்

(பங்கு விழாவையொட்டி நடந்த இளைஞர் நாளன்று பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நம்மிடம் வந்து, "இளைஞர் நாளில் கல்வியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டபோது, நாம் ஒப்புக்கொண்டோம். கல்வியின் பெருமையைப் பேசுவது எளிது; கேட்பவர்களுக்கும் அலுத்துப்போன ஒன்று. ஆகவே கல்வியின் பெருமையை விட்டுவிட்டு, கல்லூரிக்குப் போகிற பிள்ளை வகுப்பறைக்கு வெளியே என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசுவோம். மாணவர் மன்றங்கள், கலைக் குழுக்கள், மாணவர் பேரவை, நாட்டு நலப்பணித் திட்டம் முதலியவற்றில் சேரலாமா, கூடாதா? இதுவே நம் கேள்வி.

இதென்ன பெரிய கேள்வி என்று சிலர் எண்ணலாம். பிளஸ் டூ முடிவுகள் வந்தபின் நம் பங்கு அலுவலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் இது எத்தனை பெரிய கேள்வி என்பது தெரியும். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டும், நன்னடத்தைக் கடிதம் கேட்டும் தாய்மார்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவார்கள். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து முதல் பேருந்தில் ஏறி வருகிறவர்களும் உண்டு. கடிதத்தை வாங்கி மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டபின், பெரும்பாலான தாய்மார்கள் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார்கள்.

"சாமி, ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. படிப்பைத் தவிர வேற ஒண்ணுலயும் தலையை நுழைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. சங்கம், கிங்கம்னு போனா புள்ள கெட்டுடும்."

நாமும் சொல்வோம். "அம்மா சொல்வதைக் கேள் தம்பி. போனாயா, படித்தாயா, வந்தாயா என்று இரு." பிள்ளை தலையாட்டும். தாய் மகிழ்ச்சியோடு போவாள். பல ஆண்டுகளாக நாம் இப்படித்தான் சொல்லி வந்தோம். அது தவறு என்பதை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்ளவே நாம் இங்கு நிற்கிறோம்.

எப்படி அறிந்தோம் என்பதைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு பையன் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். ஊரும் பேரும் வேண்டாம். கல்லூரியின் பெயரும் வேண்டாம். அவன் வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் ஆள் அவன்தான். நல்ல மதிப்பெண். நாம் கொடுத்த புத்திமதியை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். மூன்று பருவம் சென்றது. நான்காம் பருவத்தில் ஒருநாள் மாலை அவனைப் பழவேற்காட்டில் படகுத்துறையில் கண்டோம். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். கல்லூரி விடுமுறையா என்று கேட்டோம். இல்லை, நின்றுவிட்டேன் என்றான்.

"ஏம்ப்பா?"

"எனக்கு அங்க யாரையும் தெரியாது சாமி."

இவ்வளவுதான் அவன் சொன்ன காரணம். மெள்ள மெள்ள மற்றவற்றைக் கேட்டறிந்தோம். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. புரியாததை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கல்வி உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்துபோனது அவனுக்குத் தெரியவில்லை, மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் கைக்குக் கை மாறின. அவன் கைக்கு வரவில்லை. நான்கு பாடங்களில் அரியர் விழுந்தது. கட்டணம் கட்டத் தந்தை கடன் வாங்கியதைப் பார்த்தான். நின்றுவிட்டான். ஒன்றரை ஆண்டு அவன் யாரோடும் ஒரு தேநீர்கூடக் குடித்ததில்லை. "போனாயா, படித்தாயா, வந்தாயா" என்று நாம் சொன்னதை அப்படியே செய்தான்.

கடல் தொழிலை நாம் தாழ்த்திப் பேசவில்லை. நம் ஆண்டவர் தம் சீடர்களைத் தேடிப் போனது வலை அலசிக்கொண்டிருந்தவர்களிடத்தில்தான். ஆனால் அந்தப் பையன் தொழிலை விரும்பி அங்கே வரவில்லை, தோற்று வந்தான். அந்தத் தோல்வியில் நம் வார்த்தைக்கும் ஒரு பங்கு உண்டு. அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

அன்பர்களே, தாய்மார்களின் அச்சம் நியாயமானது. அதைப் பிறகு எடுத்துக்கொள்வோம். முதலில் ஒன்றைக் கேட்கிறோம். "சங்கத்தில் சேராதே" என்று பிள்ளையிடம் சொல்கிற நாம், எத்தனை சங்கத்தில் இருக்கிறோம்? குப்பத்துப் பஞ்சாயத்தில் இருக்கிறோம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறோம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறோம். அன்பியத்தில் இருக்கிறோம். மரியாயின் சேனையில் இருக்கிறோம். இன்று பந்தல் போட்டதும், சாப்பாடு சமைத்ததும் விழாக் குழு என்ற சங்கம்தான். சங்கமில்லாமல் நம்மால் ஒரு நாள் வாழ முடியாது. பிள்ளை மட்டும் பட்டணத்தில் தன்னந்தனியாக வாழவேண்டுமாம்!

பழவேற்காட்டு ஏரியையே பாருங்கள். இந்திய நாட்டில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இதுவே பெரிய உப்பங்கழி. இந்த ஏரியில் இறால் பிடிக்கும் துறைகளில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முடிவு செய்வது எது? 'பாடு' என்னும் முறை. கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய மூன்று ஊராரும் இந்த முறைப்படி தொழில் செய்து வருவதை உள்நாட்டு, வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து கண்டு எழுதியிருக்கிறார்கள். ஊர்க் கூட்டம் கூடுகிறது; தலைக்கட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள்; முறை வைத்துப் பங்கிடுகிறார்கள். இன்று நல்ல துறை கிடைத்தவனுக்கு அடுத்த முறை வேறு துறை. வலியவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள முடியாது. சட்டப் புத்தகம் படித்தவர்கள் போட்ட ஏற்பாடா இது? இல்லை. கூடி உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் போட்ட ஏற்பாடு.

ஆனால் அதே பாட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது; அதையும் மறைக்கக் கூடாது. பாட்டில் பங்கில்லாத பக்கத்து ஊரார் நெடுங்காலமாக மனத்தாங்கலோடு இருக்கிறார்கள். அதனால் பூசல் எழுந்ததும் உண்டு. பெண்களுக்கும் அந்தக் கூட்டத்தில் இடமில்லை. ஆக, சங்கம் என்பது உள்ளே இருப்பவனைக் காக்கும். வெளியே இருப்பவனை விலக்கவும் செய்யும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டுதான் நம் பிள்ளை ஒரு மன்றத்தில் கால் வைக்கவேண்டும்.

கல்லூரியில் உள்ள மன்றங்கள் எவை? பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. தமிழ் மன்றம் இருக்கும். நாடகம், இசை, நடனம் ஆகியவற்றுக்கு நுண்கலை மன்றம் இருக்கும். துறைதோறும் ஒரு சங்கம் இருக்கும். தேசிய மாணவர் படை இருக்கும். இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் இருக்கும். நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும். இத்திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில், சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது. சேர்ந்த மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்யவேண்டும். ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமில் தங்கவேண்டும். நம் பொன்னேரி அரசினர் கலைக் கல்லூரிக்குப் போகிறவரும், இங்கேயே 2012-இல் தொடங்கிய டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரிக்குப் போகிறவரும், கும்மிடிப்பூண்டி ரயிலில் தொங்கிக்கொண்டு சென்னைக்குப் போகிறவரும் இவற்றில் சிலவற்றையாவது தங்கள் கல்லூரியில் காண்பார்கள்.

கத்தோலிக்க மாணவர்களுக்கென்று அய்க்கஃப் இருக்கிறது. அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கம் அது. 1924-இல் சேசு சபைக் குருவான கார்ட்டி அடிகளார் நம் தமிழ் மண்ணில் ஊன்றிய விதை. 2024-இல் நூறு ஆண்டு கண்டது. தொடக்கத்தில் கத்தோலிக்க வாலிபர்களின் பக்திச் சங்கமாக இருந்தது, பின்னாளில் ஏழைகளின் நியாயத்தைப் பேசும் இயக்கமாகவும் வளர்ந்தது. இன்று அதில் பிற சமயத்து மாணவரும் உழைக்கிறார்கள்.

மாணவர் மன்றத்தால் என்ன விளையும் என்று கேட்பவர்களுக்கு நாம் ஒரு வரலாறு சொல்வோம். 1833-ஆம் ஆண்டு. பாரிஸ் மாநகரம். முந்தைய ஆண்டுதான் காலரா கொள்ளைநோய் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிருந்தது. அங்கே மாணவர்கள் கூடி வாதிடும் வரலாற்று மன்றம் ஒன்று இருந்தது. அதில் பிரெடெரிக் ஓசானாம் என்ற சட்டக் கல்லூரி மாணவர் திருச்சபை உலகுக்குச் செய்த நன்மைகளை எடுத்துப் பேசினார். எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர் எழுந்து, உங்கள் சபை முன்பு செய்தது இருக்கட்டும், இன்று நீங்கள் ஏழைக்கு என்ன செய்கிறீர்கள் என்ற கருத்துப்படக் கேட்டார். ஓசானாமுக்கு அது நெஞ்சில் தைத்தது. வாதத்தில் விடை சொல்லாமல் கையால் விடை சொல்வது என்று முடிவு செய்தார். 1833 ஏப்ரல் 23-ஆம் நாள், அவருக்கு இருபது வயது நிறைந்த அன்றே, தோழர்கள் சிலர் கூடினார்கள். ஏழைகளின் வீடுகளை அறிந்த ரோசலி ரெண்டு என்னும் கன்னியர் அவர்களுக்கு வழிகாட்டினார். விறகும் ரொட்டியும் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறினார்கள்.

அந்த மாணவர் கூட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? நம் பங்கில் முதியோருக்கு அரிசியும் மருந்தும் கொடுக்கிற அதே வின்சென்ட் தே பவுல் சபைதான்! நம் கோவில் வாசலில் வைத்திருக்கும் அந்த உண்டியல் ஒரு கல்லூரி வாத மன்றத்தில் பிறந்தது. எதிராளி கேட்ட ஒரு கேள்வியில் பிறந்தது. ஓசானாம் "போனேன், படித்தேன், வந்தேன்" என்று இருந்திருந்தால் அந்தக் கேள்வியை அவரிடம் யார் கேட்டிருப்பார்கள்? அவர் படிப்பும் கெடவில்லை. பிற்காலத்தில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

இன்னொருவர் இத்தாலி நாட்டுத் தூரின் நகர மாணவர் பியேர் ஜோர்ஜோ பிரசாத்தி. பணக்கார வீட்டுப் பிள்ளை. தந்தை செய்தித்தாள் நடத்தியவர். மகன் சுரங்கத் தொழிலாளரோடு இருக்க விரும்பிச் சுரங்கப் பொறியியல் படித்தார். கத்தோலிக்க மாணவர் சங்கத்தில் சேர்ந்தார். வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தார். தோழர்களோடு மலையேறும் குழு ஒன்றை வைத்துக்கொண்டு சிரித்துப் பேசி மகிழ்ந்தார். ஆனால் கவனியுங்கள்: சர்வாதிகாரி முசோலினியின் வருகையை ஒட்டித் தம் மாணவர் சங்கத்தார் கொடி கட்டியபோது, பிரசாத்தி ராஜினாமாக் கடிதம் எழுதினார். சேரத் தெரிந்தவருக்கு விலகவும் தெரிந்திருந்தது. 1925-இல் 24-ஆம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் இறந்தார். அடக்கத்தன்று தெருவில் நிறைந்த ஏழைகளைக் கண்டபிறகுதான் மகன் செய்த உதவிகள் வீட்டாருக்கே விளங்கின. 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார்.

இனி, பெற்றோரின் அச்சத்துக்கு வருவோம். "அரசியல் வந்துவிடும்" என்கிறீர்கள். வரும். தமிழ்நாட்டில் மாணவர் அரசியலின் வலிமையை நாம் அறியாதவர்கள் அல்ல. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், துப்பாக்கிச் சூடுகள் நடந்தன, உயிர்கள் போயின. இரண்டே ஆண்டில், 1967 தேர்தலில், அந்தக் கிளர்ச்சியின் மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரையே 1285 வாக்குகளில் தோற்கடித்தார். மாணவர் சக்தி ஆட்சியை மாற்றும் நெருப்பு. நெருப்பைக் கண்டு அஞ்சவேண்டும். ஆனால் அடுப்பே மூட்டமாட்டேன் என்பவன் பட்டினி கிடக்கவேண்டியதுதான்.

மாணவர் பேரவைத் தேர்தலுக்கென்று இன்று விதிகளும் உண்டு. லிங்டோ குழு பரிந்துரை செய்து, 2006-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன விதிகள் அவை. போட்டியிடுபவருக்கு 75 விழுக்காடு வருகை இருக்கவேண்டும். அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதே ஆகும். அரசியல் கட்சியிடம் பணம் வாங்கக் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்கு ஒப்படைக்கவேண்டும். நம் நாட்டுத் தேர்தல்கள் எல்லாம் இப்படி நடந்தால் எத்தனை நன்றாக இருக்கும்! எல்லாக் கல்லூரிகளிலும் இவ்விதிகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகின்றன என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் உங்கள் மகன் தேர்தலில் நிற்கிறேன் என்றால் அவனை அடிக்கக் கையோங்காதீர்கள். "அரியர் இருக்கிறதா? கணக்கு நோட்டு எங்கே?" என்று கேளுங்கள்.

"சாதி வந்துவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். இது மெய்யான ஆபத்து. நண்பர்களே, ஒரே ஒரு அடையாளம் சொல்லுகிறோம். உன்னைச் சேர்த்துக்கொள்வதற்கு முன் எந்தக் கூட்டம் உன் சாதியை விசாரிக்கிறதோ, அங்கிருந்து எழுந்து வந்துவிடு. உன் சாதிக்காரரே கூப்பிட்டாலும் வந்துவிடு.

"குடிப்பழக்கம் வரும், தவறான சேர்க்கை வரும்" என்கிறீர்கள். சங்கத்தில் சேராத பிள்ளைக்கும் அது வரும். சொல்லப்போனால், மாலையில் செய்வதற்கு ஒரு வேலையும், தன்னை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாலு நல்ல தோழர்களும் உள்ள பிள்ளையை விட, அறையில் தனியாகக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் பிள்ளைக்காக நாம் அதிகம் கவலைப்படுகிறோம்.

"பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது? கடைசிப் பேருந்து போய்விடுமே" என்று குப்பத்துத் தாய்மார்கள் கேட்கிறார்கள். பொன்னேரியில் இறங்கி, அதற்குமேல் ஏரிக்கரை வரை போகவேண்டிய பெண்ணுக்கு இது விளையாட்டல்ல. ஆகவே மாலை ஐந்து மணிக்குமேல் ஒத்திகை வைக்கும் குழு அவளுக்கு ஆகாது. பகல் இடைவேளையில் கூடுகிற தமிழ் மன்றம் இருக்கிறது. கல்லூரி நேரத்திலேயே நடக்கும் துறைச் சங்கம் இருக்கிறது. ஆசிரியைகளின் பொறுப்பில் நடக்கும் நலப்பணித் திட்டம் இருக்கிறது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். பேருந்தைக் காரணம் காட்டிப் பெண்ணின் வாயை அடைத்துவிடாதீர்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஏரிக்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த பெண் கல்லூரியில் நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தாள். முதலாண்டு முழுதும் பெயர்ப் பட்டியல் எழுதுவதும், முகாமில் சாப்பாட்டுக் கணக்குப் பார்ப்பதும்தான் அவளுக்குக் கிடைத்த வேலை. இதற்கா சேர்ந்தாய் என்று வீட்டில் ஏசினார்கள். பின்பு ஒரு தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்தக் காலத்தில், ஊரில் சில குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை வங்கிக் கணக்கில் ஏறவில்லை. ஆண்கள் அலுவலக வாசலில் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். இந்தப் பெண் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். குடும்ப அட்டை எண், கணக்கு எண், பெயரில் எழுத்துப் பிழை என்று வரிசையாக எழுதினாள். ஒரே மனுவாக்கி, நகல் எடுத்து, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கி வந்தாள். சில வாரங்களில் பெரும்பாலோருக்குத் தொகை வந்தது. அவளை ஏசிய பெரியவர் நம்மிடம் வந்து, "சாமி, அந்தப் பொண்ணு எங்க இதெல்லாம் கத்துக்கிச்சு?" என்று கேட்டார். முகாமில் சாப்பாட்டுக் கணக்குப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்றோம்.

அன்பர்களே, நம் ஏரியும் கடற்கரையும் எத்தகைய காலத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 2001-இல் எண்ணூரில் துறைமுகம் திறந்தது. அதன்பின் காட்டுப்பள்ளியில் மற்றொன்று. அனல் மின் நிலையங்கள் எழுந்தன. முகத்துவாரம் மண்மேடிட்டு அடைகிறது. நன்மையோ தீமையோ, இவற்றைப் பற்றிய முடிவுகள் காகிதத்தில் எழுதப்படுகின்றன. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெருந்திட்டங்கள் பெரும்பாலானவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிக்கவேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை மக்கள் மொழியிலும் வைக்கவேண்டும். சொல்லப்பட்ட கருத்துகளைப் பதிவு செய்யவேண்டும். உரிமை இருக்கிறது. அந்த 30 நாளில் அறிக்கையைப் படித்து, ஊரைக் கூட்டி விளக்கி, மேடையில் நடுங்காமல், கோபத்தில் உளறாமல், மூன்று நிமிடத்தில் நம் நியாயத்தைச் சொல்லப்போவது யார்? அதற்கான பயிற்சி பாடப் புத்தகத்தில் இல்லை. தமிழ் மன்றத்தில் இருக்கிறது. பேச்சுப் போட்டியில் தோற்று, மறுபடி ஏறி, மறுபடி தோற்ற பிள்ளையிடம் இருக்கிறது.

நாமும் அப்படிக் கற்றவர்களே. செங்கற்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து குருமடத்தில் சேர்ந்தபோது நமக்கு நாலு பேர் முன் பேச நா எழாது. வாரந்தோறும் இலக்கியச் சங்கக் கூட்டம் நடக்கும். நம் முறை வந்தது. மனப்பாடம் செய்த ஐந்து நிமிடப் பேச்சில் இரண்டாம் வாக்கியம் மறந்துபோயிற்று. முதல் வாக்கியத்தையே மூன்று முறை சொல்லிவிட்டு இறங்கினோம். எல்லாரும் சிரித்தார்கள். இறங்கி வந்தபோது மூத்த மாணவர் ஒருவர் பக்கத்தில் இடம்விட்டு, "உட்கார், அடுத்த வாரமும் உன் பேரைக் கொடுத்திருக்கிறேன்" என்றார். அந்த ஒருவர் இல்லையேல் இன்று இந்த ஒலிபெருக்கி முன் நாம் இல்லை. படகுத்துறையில் நாம் கண்ட அந்தப் பையனுக்கு இடம்விட்டு உட்காரச் சொல்ல ஒருவர் இருந்தாரா? அப்படிப்பட்டவர்கள் கூடுகிற இடத்துக்கு அவன் போகாமல் நாம்தானே தடுத்தோம்!

இளைஞர்களே, இனி உங்களுக்குச் சில வழிமுறைகள்.

முதலாண்டில் இரண்டுக்கு மேல் சேராதீர்கள். ஒன்று உங்கள் மனத்துக்குப் பிடித்ததாக இருக்கட்டும்: பாட்டோ, நாடகமோ, எழுத்தோ, பந்தோ. மற்றது பிறருக்கு உழைப்பதாக இருக்கட்டும். எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிட்டு எதிலும் தலைகாட்டாதவன் தன்னையும் ஏமாற்றி, சங்கத்தையும் ஏமாற்றுகிறான்.

சேர்ந்தவுடன் பதவி கேட்காதீர்கள். நாற்காலி தூக்குங்கள், பெருக்குங்கள், பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். வேலை தெரிந்தவனைத் தேடிப் பதவி தானே வரும். வராவிட்டாலும் வேலை தெரிந்திருக்கும்.

பணம் கையில் வந்தால் அன்றைக்கன்று எழுதி வையுங்கள். பத்து ரூபாய்க்கும் சீட்டு வாங்குங்கள். நல்ல பிள்ளைகள் பலர் கெட்ட பெயர் எடுத்தது திருடியதனால் அல்ல, கணக்கு எழுதாததனால்.

தேர்வுக்கு முந்திய மூன்று வாரம் எந்த மன்றமும் வேண்டாம். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் ஒரு சங்கத்திலிருந்து விலகுங்கள். பாடம் தேறியபின் திரும்பிச் செல்லுங்கள். உங்கள் கல்விக்காகத் தந்தை கடலிலும் தாய் மீன் கூடையோடு சந்தையிலும் நிற்கிறார்கள் என்பதை ஒருநாளும் மறவாதீர்கள்.

பெல்ஜியம் நாட்டுக் குருவான ஜோசப் கார்டைன் இளந்தொழிலாளருக்கு மூன்று படிகளைக் கற்பித்தார். 1961-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் ஜான் தம் சுற்றுமடலில் அவற்றை ஏற்றுச் சொன்னார். முதலில் உள்ளதைக் கண்ணால் பார். இரண்டாவது, அது சரியா என்று நிதானித்துத் தீர்ப்பிடு. மூன்றாவது, செயல்படு. கூட்டத்தில் யாரோ கத்துகிறான் என்று நீயும் கத்தாதே. பார்க்காமல் செயல்படுகிறவன் குருடன்; பார்த்தும் செயல்படாதவன் கோழை.

கடைசியாக ஒன்று. உங்கள் மன்றத்தில் ஓரமாக, ஒன்றும் பேசாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். ஆங்கிலம் வராததனாலோ, சட்டை பழையதாக இருப்பதனாலோ ஒதுங்கியிருக்கும். அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். உதவித் தொகைக்குக் கடைசி நாள் எது என்று சொல்லுங்கள். மன்றத்தில் நீங்கள் வாங்கும் கோப்பைகள் எல்லாவற்றிலும் இது பெரிது.

பெரியோர்களே, நாமும் சும்மா இருந்துவிட முடியாது. விழாக் குழுவினரிடம் கலந்து இரண்டு முடிவுகள் செய்திருக்கிறோம். ஒன்று: இவ்வாண்டு முதல் நம் பங்கிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு புதிய பிள்ளையோடும், முன்பே கல்லூரியில் படிக்கிற அல்லது படித்து முடித்த ஒருவர் முதல் வாரத்தில் ஒருநாள் கூடச் செல்வார். நூலகம் எங்கே, உதவித் தொகை அலுவலர் யார், மன்றங்களின் அறிவிப்புப் பலகை எது என்று காட்டித் தருவார். இரண்டு: கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் அனைவரும் பங்கு இல்லத்தில் ஒருநாள் கூடுவோம். மதிப்பெண்ணை யாரும் கேட்கமாட்டோம். "எந்தச் சங்கத்தில் சேர்ந்தாய்? யாரைத் தோழராகப் பெற்றாய்?" என்று மட்டும் கேட்போம். "யாரையும் தெரியாது சாமி" என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்றே அதற்கு வழி தேடுவோம்.

அந்தப் பையனை மறுபடி கண்டீர்களா என்று கேட்பீர்கள். கண்டோம். நம் வார்த்தை தவறு என்று அவனிடம் சொன்னோம். அவன் சிரித்துவிட்டு, "பரவாயில்ல சாமி" என்றான். பரவாயில்லை என்று அவன் சொல்லலாம். நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது. அவனுடைய தம்பி இவ்வாண்டு கல்லூரிக்குப் போகிறான். சென்ற வாரம் கடிதம் வாங்க வந்தபோது தாயும் கூட வந்தாள். வழக்கம்போல வாசலில் நின்றாள். அவள் வாய் திறக்குமுன் நாமே சொன்னோம்: "தம்பி, நன்றாகப் படி. நல்ல சங்கம் ஒன்றில் சேர். யாரும் இல்லை என்று மட்டும் இருந்துவிடாதே." தாய் நம்மை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்து, "சாமி சொல்றத கேட்டுக்கோ" என்றாள்.

இறைவன் நம் பிள்ளைகள் அனைவருக்கும் நல்ல அறிவையும் நல்ல தோழரையும் தந்து காப்பாராக! மகிமை மாதா அவர்களுக்குத் துணை நிற்பாராக!